ஊசித்துளைக் கேமரா: பாதியில் நின்ற பாடத்தை முழுமையாக்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிற்றுக்கிழமை மாணவர் பகுதியில் அண்மையில் வெளிவந்த ஊசித்துளைக் கேமரா பற்றிய செய்முறைக் குறிப்பை என் பேத்தி எனக்குப் படித்துக் காட்டினாள். அட்டைப் பெட்டியின் ஒரு பக்கத்தில் ஊசியால் துளையிட்டு, எதிர்ப்பக்கத்தில் எண்ணெய் தடவிய தாளை ஒட்டி, அதில் தலைகீழாக விழும் உருவத்தைப் பார்க்கும்படி அந்தக் குறிப்பு சொல்லியிருந்தது. தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே இத்தகைய செய்முறைகளை வெளியிட்டு வரும் தங்களுக்கு என் மனமார்ந்த நன்றி. ஆயினும் அந்தக் குறிப்பில் உடனே திருத்தப்பட வேண்டிய ஒன்றும், விடுபட்டுப் போன பெரிய பகுதி ஒன்றும் இருப்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பினாங்கின் ஜார்ஜ்டவுனில் ஒரு ஸ்டூடியோவின் இருட்டறையில் இருபத்தேழு ஆண்டுகள் படம் கழுவும் வேலை பார்த்தவன் நான். டிஜிட்டல் கேமரா வந்து ஸ்டூடியோ மூடப்பட்ட பிறகும் அந்த வேலை என்னை விட்டுப் போகவில்லை. பால்மாவு டின்னிலும் பிஸ்கட் டின்னிலும் துளையிட்டுப் படம் எடுப்பதும், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பதுமாக ஓய்வுக் காலத்தைக் கழித்து வருகிறேன்.

முதலில் திருத்தம். பெட்டியைச் "சூரியனை நோக்கிப் பிடித்துப் பார்க்கவும்" என்று குறிப்பில் ஒரு வரி இருந்தது. எழுதியவர் என்ன நினைத்து எழுதினாரோ, ஒரு பிள்ளை அதைப் படித்துவிட்டுத் துளை வழியே நேராகச் சூரியனைப் பார்த்துவிடக் கூடும். துளை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அதன் வழியே சூரியனைப் பார்ப்பது கண்ணுக்குக் கேடு. விழித்திரை சுடுபடும்போது வலி தெரியாது என்பதால் பிள்ளை கண்ணை எடுக்கவும் எடுக்காது. சூரியனைக் காண வேண்டுமானால் முதுகைச் சூரியனுக்குக் காட்டி நின்று, துளை வழியே வரும் ஒளியைத் தாளிலோ தரையிலோ விழச் செய்து, அந்த உருவத்தைத்தான் பார்க்க வேண்டும். இதனை அடுத்த வாரமே பெரிய எழுத்தில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தரையில் விழும் சூரியனைப் பார்ப்பதற்குப் பெட்டிகூடத் தேவையில்லை. செபராங் பிறையில் ரப்பர்த் தோட்டத்து லயன் வீட்டில் வளர்ந்தவன் நான். எங்கள் வீட்டுத் தகரக் கூரையில் ஆணி பிடுங்கிய ஓட்டைகள் நிறைய உண்டு. முற்பகலில் அந்த ஓட்டைகள் வழியே சிமெண்டுத் தரையில் வெள்ளி வில்லைகளைப் போல ஒளிவட்டங்கள் விழுந்து, சிறிது சிறிதாக நகர்ந்து சுவரேறும். ஓட்டை முக்கோணமாய்க் கிழிந்திருந்தாலும் தரையில் விழுவது வட்டமாகவே இருக்கும். ஏன் அப்படி என்று கேட்க அன்று எனக்குத் தோன்றவில்லை. அவை ஓட்டையின் வடிவங்கள் அல்ல, சூரியனின் உருவங்கள் என்று ஸ்டூடியோவில் சேர்ந்த பிறகுதான் அறிந்தேன். 2019 டிசம்பர் 26ஆம் தேதி சூரிய கிரகணத்தன்று, சரவாக்கிலும் ஜொகூரின் தஞ்சோங் பியாயிலும் நெருப்பு வளையமாகத் தெரிந்த சூரியன் பினாங்கில் பிறையாகத் தெரிந்தபோது, எங்கள் அடுக்குமாடிக்கு எதிரே உள்ள அங்சானா மரத்தின் அடியில் இலைகளின் இடைவெளிகள் எல்லாம் ஊசித்துளைகளாகி, தார்ச் சாலை முழுவதும் நூற்றுக்கணக்கான பிறைகள் கிடந்தன. காரை நிறுத்திக் கீழே இறங்கி அதைப் பார்த்தவர்கள் பலர்.

அந்த ஒளிவட்டத்தில் ஒரு கணக்கும் இருக்கிறது. துளையிலிருந்து தாளுக்கு உள்ள தூரத்தை 108ஆல் வகுத்தால் வட்டத்தின் அளவு ஏறக்குறைய வந்துவிடும். 3 மீட்டர் தூரத்திலிருந்து விழும் வட்டம் சுமார் 3 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். அதே விகிதம் வானத்திற்கும் பொருந்துவதால், சூரியன் சுமார் 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லிக் கொடுத்தால், அதன் விட்டம் கிட்டத்தட்ட 14 இலட்சம் கிலோமீட்டர் என்பதை ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை ஒரு ரூலரையும் ஓர் ஓட்டைத் தாளையும் வைத்துக்கொண்டு தானே கண்டுபிடித்துவிடும். நான் சொல்லிக் கொடுத்த பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள்.

இனி, விடுபட்ட பகுதிக்கு வருகிறேன். எண்ணெய்த் தாளில் உருவம் விழுவதைப் பார்த்ததோடு குறிப்பு முடிந்துவிட்டது. ஆனால் பார்ப்பது வேறு, பிடித்து வைப்பது வேறு. இருட்டறைக்குள் சிறு துளை வழியே வெளியுலகம் தலைகீழாக விழுவதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அரபு அறிஞர் இப்னு அல்-ஹைதம் ஆராய்ந்து, ஒளி நேர்க்கோட்டில் செல்கிறது என்பதற்கு அதைச் சான்றாகக் கொண்டார். அத்தகைய அறைக்கு இலத்தீனில் 'கேமரா அப்ஸ்கியூரா', அதாவது இருட்டறை, என்ற பெயரை 1604இல் எழுதியவர் வானியலாளர் கெப்ளர். இருந்தும் அந்த உருவத்தைத் தாளில் தங்க வைக்கும் வழி 19ஆம் நூற்றாண்டில்தான் கிடைத்தது. லென்ஸ் இல்லாத வெறும் துளையால் படம் எடுக்கலாம் என்று 1850களில் ஸ்காட்லாந்து அறிவியலாளர் டேவிட் புரூஸ்டர் எழுதினார். இத்தனை தலைமுறைகள் காத்திருந்து அடைந்த அந்தக் கடைசிப் படி ஒரு பிற்பகல் வேலைதான். அதை நம் பிள்ளைகளுக்குக் காட்டாமல் எண்ணெய்த் தாளோடு அனுப்பி வைப்பது, அடுப்பேற்றிச் சோறு வடித்த பிறகு இலை போடாமல் அனுப்புவதைப் போன்றது.

செய்முறையை என் அனுபவத்தில் உள்ளபடி எழுதுகிறேன். சுமார் 10 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள மைலோ டின் அல்லது பால்மாவு டின் இதற்குப் பொருத்தமானது. மூடி உலோகமாக இருக்க வேண்டும். இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். முதன்முதலாகப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் செய்தபோது பன்னிரண்டு டின்களில் ஏழில், உள்ளே வைத்த படத்தாள் (ஒளியைப் பதிவு செய்யும் தாள்) முழுக்கக் கருத்துப் போயிற்று. துளையைப் பார்த்தேன், பூச்சைப் பார்த்தேன், குறை எதுவும் தெரியவில்லை. ஒரு சிறுமிதான் தன் டின்னின் மூடியைக் கழற்றி விளக்குக்கு எதிரே பிடித்து, "தாத்தா, இதுக்குள்ள வெளிச்சம் தெரியுதே" என்றாள். நீல நிற நெகிழி மூடி. மூடியதும் இருட்டாகிவிட்டது என்று நம் கண்ணுக்குத் தோன்றினாலும் படத்தாளுக்கு அது திறந்த சன்னல். உலோக மூடி கிடைக்காவிட்டால் நெகிழி மூடியின் உள்ளும் புறமும் கருப்பு அட்டையை ஒட்டி, விளிம்பைச் சுற்றிக் கருப்பு வயர் டேப்பை இறுக்கிச் சுற்ற வேண்டும். டின்னின் உட்புறம் முழுவதும் பளபளப்பில்லாத கருப்புச் சாயம் பூச வேண்டும்.

துளையை டின்னிலேயே நேராக இடக் கூடாது. தகரம் கனமானது, துளை சிறு குழாய் போல ஆகிவிடும். டின்னின் பக்கவாட்டில் நடுவே ஐந்து காசு அளவுக்கு ஓர் ஓட்டையை வெட்டிக்கொண்டு, குளிர்பான டின்னின் மெல்லிய அலுமினியத்தில் சிறு துண்டு ஒன்றை வெட்டி அதில்தான் ஊசித்துளையை இட வேண்டும். தடித்த அட்டையின்மேல் துண்டை வைத்து, தையல் ஊசியின் முனையால் மெதுவாக அழுத்தினால் மறுபக்கத்தில் சிறு மேடு எழும். அந்த மேட்டை மிக நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, திரும்பவும் ஊசியை விட்டு, திரும்பவும் தேய்த்து, விளிம்பில் பிசிறு இல்லாமல் வட்டமாக வரும்வரை பொறுமையாகச் செய்ய வேண்டும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் பிசிறு தெரியும். 10ஆம் எண் தையல் ஊசியின் தடிமன் ஏறத்தாழ 0.45 மில்லிமீட்டர், 10 சென்டிமீட்டர் டின்னுக்கு ஏற்ற துளையும் அதுவே. முடிந்ததும் அந்தத் துண்டை ஓட்டையின் உட்புறம் ஒட்டி, வெளியே கருப்பு டேப்பை இமை போல மூடிவிட்டால் அதுவே திறந்து மூடும் ஷட்டர்.

துளை பெரிதானால் படம் தெளிவாகும் என்று மாணவர் பகுதியில் இருந்ததும் சரியன்று. பெரிதானால் வெளிச்சம் கூடும், உருவம் மங்கும். அதற்காக ஊசி முனையால் தொட்டும் தொடாமலும் இட்ட மிகச் சிறிய துளையும் உதவாது. ஒரு அளவுக்குக் கீழே போனால் ஒளி துளையின் விளிம்பில் பட்டு விரிந்து படத்தைத் திரும்பவும் மங்கச் செய்துவிடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சரியான அளவை ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு 1891இல் ஆராய்ந்து எழுதினார். துளைக்கும் தாளுக்கும் உள்ள தூரம் கூடக் கூடத் துளையும் சிறிது பெரிதாக இருக்க வேண்டும் என்பது பிள்ளைகளுக்குப் போதும்.

படம் எடுப்பதற்குப் பிலிம் வேண்டியதில்லை. ஸ்டூடியோவில் நாங்கள் பிரிண்ட் போடப் பயன்படுத்திய கருப்பு-வெள்ளைப் படத்தாளே போதும். சிவப்பு விளக்கின் கீழ் தாளை எடுத்து, பளபளப்பான பக்கம் துளையைப் பார்க்கும்படி டின்னுக்குள் வளைத்து வைத்து மூட வேண்டும். தாளுக்கு ஒளியை ஏற்கும் வேகம் மிகக் குறைவு. பினாங்கின் காலை பத்து மணி வெயிலில் நான் ஒரு நிமிடம் வரை திறந்து வைப்பேன். மேகம் மூடினால் நான்கைந்து நிமிடம். கையில் பிடித்துக்கொண்டு எடுக்க முடியாது. தரையிலோ திண்ணையிலோ வைத்து, மேலே ஒரு கல்லை ஏற்றிவிட்டு விலகி நிற்க வேண்டும்.

அந்த ஒரு நிமிடத்தில் நடப்பதைச் சொல்ல வேண்டும். லெபோ பாசாரில் ஒரு பூக்கடைக்கு எதிரே என் டின்னை வைத்தேன். அப்போது தெருவில் ஆட்கள், மோட்டார் சைக்கிள்கள், சாமான் தள்ளுவண்டி என்று நெரிசல். கழுவிப் பார்த்தபோது தெரு வெறுமையாக இருந்தது. நடந்தவர் ஒருவரும் படத்தில் இல்லை. ஓரமாய் நின்ற திரிசா, அதாவது மிதிரிக்சா, அப்படியே இருந்தது. கடையில் உட்கார்ந்து மாலை கட்டிக்கொண்டிருந்த அக்காவும் இருந்தார், சேலைக் கரைகூடத் தெரிந்தது. ஆனால் மடியில் பூக்குவியலுக்கு மேலே கைகள் இருக்க வேண்டிய இடத்தில் புகை போல ஒரு வெண்மை மட்டுமே இருந்தது. பிரிண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் வெகு நேரம் பார்த்துவிட்டு, "அண்ணே, என் கை எங்கே போச்சு?" என்று கேட்டார். ஓயாமல் வேலை செய்த கை என்பதால் அது படத்தில் நிற்கவில்லை என்று விளக்கியதும், அதைச் சட்டம் போட்டுக் கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்தார். 1838இல் பாரிஸ் நகரின் நெரிசலான சாலை ஒன்றைப் புகைப்படக் கலையின் முன்னோடி டகேர் எடுத்த படத்திலும் இதே கதைதான்: வண்டிகளும் கூட்டமும் மறைந்துபோய், செருப்புக்கு மெருகு போட்டுக்கொள்ள அசையாமல் நின்ற ஒரு மனிதர் மட்டும் பதிந்திருக்கிறார். காலம் என்பது படத்திற்குள் எப்படி நுழைகிறது என்பதை இதைவிடத் தெளிவாகப் பிள்ளைகளுக்குக் காட்டும் வழி எனக்குத் தெரியவில்லை.

இருட்டறை என்றதும் ஆசிரியர்கள் தயங்குகிறார்கள். சன்னல் இல்லாத ஒரு சாமான் அறை போதும். கதவிடுக்கில் கருப்புத் துணியைச் செருகிவிட்டு, ஐந்து நிமிடம் உள்ளே நின்று கண் பழகிய பின்னும் வெளிச்சக் கீற்று எதுவும் தெரியவில்லை என்றால் அறை தயார். சிவப்பு விளக்கு பாதுகாப்பானதா என்பதை ஒரு காசு சொல்லிவிடும்: படத்தாளின் மேல் காசை வைத்துச் சிவப்பு விளக்கின் கீழ் ஐந்து நிமிடம் விட்டுக் கழுவிப் பாருங்கள், காசின் வட்டம் தாளில் தெரிந்தால் அந்த விளக்கு ஆகாது. மூன்று தட்டுகளில் முறையே உருவத்தை வெளிக்கொணரும் டெவலப்பர், தண்ணீர், உருவத்தை நிலைக்கச் செய்யும் ஹைப்போ. டெவலப்பர் 20 பாகை வெப்பத்துக்குக் கணக்கிடப்பட்டது. நம் ஊர்க் குழாய்த் தண்ணீரோ அதைவிட நன்றாகச் சூடு. அப்படியே கலந்தால் படம் கண்மூடித் திறப்பதற்குள் கருத்துவிடும். டெவலப்பர் தட்டை அதைவிடப் பெரிய தட்டில் வைத்து, சுற்றிலும் ஐஸ் கட்டி போட்டுக் குளிர வைப்பதுதான் எங்கள் ஸ்டூடியோ வழக்கம். வெள்ளைத் தாளில் முதலில் வானம் கருப்பாகப் படர்ந்து, அதன் நடுவே கோபுரமோ மரமோ வெளுப்பாக எழுந்து வருவதைப் பார்க்கும் பிள்ளைகளின் முகத்தை நேரில் பார்த்த ஆசிரியர் எவரும் மறுபடி தயங்கியதில்லை.

அப்படி வருவது நெகட்டிவ், அதாவது கருப்பும் வெளுப்பும் இடம் மாறிய படம். கடைப் பலகையின் தமிழ் எழுத்துகள் இடம் வலம் மாறியிருக்கும். அதை உலர்த்தி, புதிய படத்தாளின் முகத்தோடு முகம் வைத்து, மேலே கண்ணாடியை அழுத்தி, சாதாரண விளக்கைச் சில வினாடிகள் போட்டு அணைத்துக் கழுவினால் எழுத்துகள் நேராகி உண்மைப் படம் வந்துவிடும். மருந்துகளில் கையை விடாமல் இடுக்கியும் கையுறையும் பயன்படுத்த வேண்டும். அறைக்குப் பெரியவர் ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும். பயன்படுத்திய ஹைப்போவைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. தாளிலிருந்து கரைந்த வெள்ளி அதில் இருக்கிறது. அந்தக் காலத்தில் அதை வாங்கி வெள்ளி பிரித்தெடுப்பதற்கென்றே ஆட்கள் ஸ்டூடியோவுக்கு வருவார்கள். கேனில் சேர்த்து வைத்து முறையாக ஒப்படைக்க வேண்டும்.

கைப்பேசியில் ஒரு தொடுதலில் படம் கிடைக்கும் காலத்தில் இது எதற்கு என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். கைப்பேசியில் பிள்ளை எடுப்பது நூறு படம். அதில் ஒன்று எப்படி உண்டானது என்று அதற்குத் தெரியாது. டின்னில் ஒரு நாளில் எடுப்பது மூன்று படம். மூன்றில் இரண்டு கெட்டுப்போகும். ஏன் கெட்டது என்று பிள்ளை தானே தேடும், மூடியைத் தூக்கிப் பிடித்த அந்தச் சிறுமியைப் போல. அறிவியல் பாடத்தில் நாம் வேண்டுவது வேறென்ன?

வாய்ப்பிருந்தால் இன்னொன்றையும் மாணவர் பகுதியில் சேர்க்கலாம். குளிர்பான டின்னுக்குள் படத்தாளை வைத்து ஊசித்துளையிட்டு, மழைநீர் புகாமல் ஒட்டி, எங்கள் மாடியின் கிழக்குப் பக்கக் கம்பியில் ஜூன் 21 முதல் டிசம்பர் 21 வரை கட்டி வைத்தேன். இதற்கு டெவலப்பரே வேண்டாம். மாதக்கணக்கில் ஒளிபட்டுத் தாள் தானாகவே நிறம் மாறும், எடுத்ததும் கழுவாமல் ஸ்கேன் செய்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு நாளும் சூரியன் ஏறிய தடம் ஒரு கோடாக, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகப் பதிந்திருந்தது. ஐரோப்பியர் எடுத்த இத்தகைய படங்களில் கோடுகள் வில்லாக வளைந்திருக்கும். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில், வடக்கே ஐந்து பாகையில் இருப்பதால் நம் கோடுகள் ஏறக்குறைய செங்குத்தாக எழுகின்றன. செப்டம்பர், அக்டோபர் மழைக் கால நாட்களில் கோடுகள் அறுந்து புள்ளிபுள்ளியாக இருந்தன. அதற்கு முந்தைய ஆண்டு கட்டிய டின்னைத் துப்புரவுக்கு வந்தவர்கள் குப்பை என்று நினைத்து எறிந்துவிட்டார்கள். ஆகவே இம்முறை மலாயிலும் தமிழிலும் இது இன்னது என்று எழுதி ஒட்டி, குடியிருப்பு நிர்வாகத்திடமும் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். பிள்ளைகளும் அப்படியே செய்ய வேண்டும்.

பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றுள் மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளிகளைப் பற்றி நாம் கவலையோடு மட்டுமே பேசுகிறோம். ஐந்தைந்து பேராக மட்டுமே நுழைய முடிந்த ஓர் இருட்டறைக்கு அத்தகைய சிறிய வகுப்பே ஏற்றது. உலக ஊசித்துளைப் புகைப்பட நாள் 2001 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமையில் கொண்டாடப்படுகிறது. அன்று உலகெங்கும் எடுக்கப்படும் படங்களுக்கு நடுவே தண்ணீர்மலை முருகன் கோயில் படிக்கட்டையும், குயின் தெரு மாரியம்மன் கோபுரத்தையும், தங்கள் பள்ளித் திடலின் மரத்தையும் நம் பிள்ளைகள் மைலோ டின்னில் எடுத்து வைக்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு ஓரிரு மாதங்கள் முன்னதாகவே செய்முறையின் இரண்டாம் பகுதியை மாணவர் பகுதியில் வெளியிட்டால் பள்ளிகள் படத்தாளும் மருந்தும் வாங்கி வைக்க நேரம் இருக்கும். அளவுகளோடு கூடிய வரைபடத்தையும், கெட்டுப்போன ஏழு நெகட்டிவ்களில் ஒன்றையும், பூக்கடை அக்காவின் இசைவோடு அவரது படத்தின் ஒரு பிரதியையும் தனி உறையில் தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பி வைக்கிறேன். தேவையான டின்களை நான் சேர்த்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் ஸ்டூடியோ இருட்டறைப் பணியாளர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு.